குடிநீரில் கலந்தது எங்கிருந்து வந்தது? மாசின் மூலத்தைத் தேடும் முறை

சென்னையில் ஏதேனும் ஒரு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையை வாசிக்கும்போது, பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் முடிகிறது. டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) இவ்வளவு, நைட்ரேட் இவ்வளவு, குளோரைடு இவ்வளவு என்று எண்கள் வாசிக்கப்படும். வரம்பைத் தாண்டியவற்றை யாரோ சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பார். உடனே ஒருவர், வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. பொருத்திவிடலாம் என்பார். தண்ணீரில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு அந்த அறிக்கை விடை சொல்கிறது. அது எங்கிருந்து வந்தது என்ற மூன்றாவது கேள்வி அந்தக் கூட்டத்தில் எழுவதே இல்லை. ஆர்.ஓ. இயந்திரம் ஒரு சமையலறையின் குடிநீரைக் காப்பாற்றும்; ஆனால் குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் பழைய தண்ணீரில்தான் நடக்கும், கசிகிற இடத்தில் கசிவும் தொடர்ந்துகொண்டே இருக்கும். மூன்றாவது கேள்விக்கு விடை தேடும் முறையைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பாட்டில் தண்ணீரை மட்டும் எவ்வளவு நுட்பமாகச் சோதித்தாலும், மாசு வந்த வழி தெரியாது. அடுத்த வீட்டுத் தண்ணீரோடு, போன மாதத் தண்ணீரோடு, சந்தேகப்படும் கழிவுநீரோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் வழி புலப்படத் தொடங்குகிறது. மூலத்தைத் தேடுவதற்கு உலகெங்கும் கையாளப்படும் முறைகள் எல்லாமே, எளியவையானாலும் விலை உயர்ந்த கருவிகள் தேவைப்படுபவையானாலும், இந்த ஒப்பீட்டின் வெவ்வேறு வடிவங்களே ஆகும்.

ஒப்பிடுவதற்கு முன், நம் வீட்டுக்கு வரும் தண்ணீர் ஒரே தண்ணீர் அல்ல என்பதை உணர வேண்டும். சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாயில் வருவது பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், தேர்வாய்கண்டிகை ஏரிகளின் நீராக இருக்கலாம். கண்டலேறு வழியாக வரும் கிருஷ்ணா நீராகவோ வீராணத்திலிருந்து வரும் நீராகவோ இருக்கலாம். மீஞ்சூரிலோ நெம்மேலியிலோ கடல்நீரிலிருந்து உப்பு நீக்கிய நீராகவும் இருக்கலாம். அதோடு வீட்டு போர் தண்ணீரும், கோடைக்காலத்தில் லாரித் தண்ணீரும் ஒரே சம்பில், அதாவது தரைக்கடியில் உள்ள நீர்த்தொட்டியில், போய்ச் சேர்கின்றன. அந்தச் சம்பிலிருந்து எடுத்த ஒரு பாட்டிலைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, வாரியத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது நியாயமாகாது.

எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மடிப்பாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தில், காலையில் குழாயைத் திறந்தால் லேசான சாக்கடை வாடை வந்தது. ஐந்து பாட்டில்களை எடுத்துக்கொண்டு ஐந்து இடங்களில் நீர் பிடித்தோம்: சம்பில் விழுவதற்கு முன் வாரியக் குழாயில் ஒன்று, சம்பில் ஒன்று, போர் குழாயில் ஒன்று, மொட்டைமாடித் தொட்டியில் ஒன்று, சமையலறைக் குழாயில் ஒன்று. வாரியக் குழாயில் பிடித்த நீரில் குளோரின் இருந்தது, அம்மோனியா இல்லை. போர் தண்ணீர் உப்புக் கரித்தது, ஆனால் அதிலும் அம்மோனியா இல்லை. சம்பு, மாடித் தொட்டி, சமையலறை ஆகிய மூன்று நீரிலும் அம்மோனியா இருந்தது, குளோரின் அறவே இல்லை. அப்படியானால் கோளாறு சம்பில் என்று தெளிவாயிற்று. சம்பை வற்ற இறைத்துவிட்டு, நான்கடி தள்ளியிருந்த கழிவுநீர்த் தொட்டியில் ஃப்ளோரசின் என்னும் சாயத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு, டார்ச் விளக்குடன் காத்திருந்தோம். அரை மணி நேரத்திற்குப் பிறகு, சம்பின் மேற்குச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சிமெண்ட் பூச்சு உப்பியிருந்த ஓரிடத்தில், இளம்பச்சையாக ஒரு கோடு ஒளிர்ந்தது. முதலில் ஈரம் என்றுதான் நினைத்தோம். விரலால் தொட்டுப் பார்த்தபோது விரல் நுனியும் பச்சையாக மின்னியது. ஆய்வகத்தின் பெரிய கருவிகள் எதுவும் தேவைப்படவில்லை. நீர் வரும் வழியிலேயே படிப்படியாகப் பின்னோக்கிப் போய், எந்தப் படியில் நீரின் தன்மை மாறியது என்று பார்த்தோம், அவ்வளவே.

இதே முறை தெரு அளவிலும் செல்லுபடியாகும். குடிநீரில் குளோரின் சேர்ப்பது கிருமிகளைக் கொல்வதற்காக என்றாலும், மூலத்தைத் தேடுபவருக்கு அது ஒரு நல்ல தடயமும் ஆகும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, குளோரின் சேர்த்த நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. வீடு வீடாக நடந்து, சிறு குப்பியில் நீர் பிடித்து, குளோரின் இருந்தால் நீரை மஞ்சளாக்கும் சோதனைச் சொட்டு மருந்து விட்டு நிறத்தைப் பார்த்துக்கொண்டே போனால், தெருவின் தொடக்கத்தில் இருந்த நிறம் ஓரிடத்திற்குப் பிறகு சட்டென்று வெளுத்துப்போகும். அந்த இரண்டு வீடுகளுக்கு இடையில் ஏதோ ஒன்று குளோரினைத் தின்றிருக்கிறது என்பதே அதன் பொருள். நம் தெருக்களில் அது பெரும்பாலும் விரிசல் வழியே நுழைந்த கழிவுநீராக இருக்கும். நாள் முழுவதும் குழாயில் அழுத்தம் இருந்தால் விரிசல் வழியே நல்ல நீர் வெளியே கசியும். நம் ஊரிலோ சில மணி நேரமே நீர் விடப்படுவதால், மற்ற நேரங்களில் குழாய் வெறுமையாகி, சுற்றியுள்ள ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தெருக் குழாயோடு நேரடியாக மோட்டாரை இணைத்து உறிஞ்சும் வீடு ஒன்று இருந்தாலும் போதும், அந்த இழுப்பு இன்னும் கூடும். நீர் விட்டதும் முதல் சில குடங்கள் கலங்கலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில நேரம் குழாயே மாசின் மூலமாக இருக்கும். அமெரிக்காவின் ஃப்ளிண்ட் நகரில் 2014ஆம் ஆண்டு நகருக்கான நீர் ஆதாரத்தை மாற்றியபோது, குழாய் அரிக்காமல் இருப்பதற்கான பொருளைச் சேர்க்கத் தவறியதால், பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. ஆற்றில் தேடினாலும் சுத்திகரிப்பு நிலையத்தில் தேடினாலும் அந்த ஈயத்தின் மூலம் அகப்பட்டிருக்காது. இத்தகைய நிலையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரவெல்லாம் திறக்காமல் இருந்த குழாயில் விடியற்காலையில் வரும் முதல் லிட்டரைத் தனியாகவும், ஐந்து நிமிடம் ஓடவிட்ட பின் ஒரு லிட்டரைத் தனியாகவும் பிடித்துச் சோதித்தால், முதலாவதில் ஈயமோ செம்போ துத்தநாகமோ மிகுந்தும் இரண்டாவதில் குறைந்தும் இருந்தால், அது வீட்டுக் குழாயிலோ பித்தளைப் பொருத்துகளிலோ ஊறி வந்தது என்று கொள்ளலாம்.

நிலத்தடி நீருக்கு வந்தால் தேடல் கடினமாகிறது, ஏனெனில் நீர் ஓடும் திசை கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் மூன்று கிணறுகள் இருந்தால் திசையைக் கணிக்க முடியும். ஒரே நேர்க்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளில், கடல் மட்டத்தை அடிப்படையாகக் கொண்டு நீர்மட்டத்தின் உயரத்தை அளந்து, வரைபடத்தில் குறித்து, நீர்மட்டம் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோட்டை வரைந்தால், அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக உயரத்திலிருந்து தாழ்வை நோக்கி நீர் நகர்கிறது. மாசுபட்ட கிணற்றிலிருந்து அதற்கு எதிர்த்திசையில் போனால் மூலம் இருக்கும் பக்கம் தெரியும். இங்கே தரையின் சரிவைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய கட்டடம் நாள் முழுவதும் போரிலிருந்து நீர் இறைத்தால், சுற்றியுள்ள நீர்மட்டம் புனல் போலக் குழிந்து, இயற்கையான திசையே மாறிவிடும்.

வேகத்தையும் கணக்கிடலாம். ஊடுபுகு திறன் (மண் நீரைத் தன்னூடே ஓடவிடும் திறன்) நாளொன்றுக்கு 10 மீட்டராகவும், நீர்மட்டச் சரிவு 500 மீட்டருக்கு 1 மீட்டராகவும், துளைவெளி (மணல் துகள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தின் பங்கு) 20 விழுக்காடாகவும் உள்ள ஒரு மணற்படுகையை எடுத்துக்கொள்வோம். 10ஐ 500ஆல் வகுத்து, வருவதை 0.2ஆல் வகுத்தால், நீர் நாளொன்றுக்கு 0.1 மீட்டர், அதாவது ஆண்டுக்குச் சுமார் 36 மீட்டர் நகர்கிறது. 200 மீட்டர் தொலைவில் நிலத்தில் விடப்பட்ட கழிவு நம் கிணற்றை அடைய ஐந்தாண்டுக்கு மேல் ஆகும். இன்று நீர் கெட்டிருக்கிறது என்றால், இன்று இயங்கிக்கொண்டிருக்கும் பட்டறையைத்தான் எல்லாரும் சுட்டிக்காட்டுவார்கள். உண்மையான காரணமோ ஐந்தாண்டுக்கு முன் அங்கிருந்து காலி செய்துகொண்டு போயிருக்கலாம். திருவான்மியூரிலிருந்து தெற்கே செல்லும் கடற்கரை மணற்பரப்புக்கு இத்தகைய கணக்கு ஓரளவு பொருந்தும். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் கீழே இருப்பது சார்னோகைட் என்னும் கடும்பாறை. அங்கே நீர் பாறை வெடிப்புகளின் வழியே ஓடுவதால், பக்கத்துக் கிணறு தப்பிப்பதும் தூரத்துக் கிணறு கெடுவதும் நடக்கக்கூடியதே.

இனி, தண்ணீருக்குள் இருக்கும் பொருட்களின் சேர்க்கையைக் கொண்டு மூலத்தை அடையாளம் காண்பது. இது இந்தத் துறையின் மிகச் செழுமையான பகுதி. போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் அந்த நீரில் மஞ்சள் நிறப் பொட்டாசியம் குரோமேட்டைச் சில துளி விட்டு, மேலே அளவுக் கோடுகள் கொண்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஒவ்வொரு சொட்டும் விழும் இடத்தில் வெள்ளையாகத் திரிந்து கலையும்; குளோரைடு தீர்ந்த கணத்தில் மஞ்சள் மாறிச் செங்கல் நிறம் நிலைத்து நிற்கும். அதுவரை செலவான சொட்டுகளின் அளவு குளோரைடின் அளவைத் தருகிறது. அது கடல் குளோரைடா, கழிவுநீர்க் குளோரைடா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு புரோமைடையும் சேர்த்து அளக்க வேண்டும். கடல்நீரில் எடையளவில் குளோரைடு, புரோமைடைப் போலச் சுமார் 290 மடங்கு உள்ளது. கடல்நீர் நிலத்துக்குள் புகுந்தால் அந்த விகிதமும் ஏறக்குறைய அப்படியே கூட வரும். சமையல் உப்பின் கதை வேறு: உப்பளத்தில் உப்பு படிகமாகும்போது புரோமைடின் பெரும்பகுதி எஞ்சும் கசப்புநீரிலேயே தங்கிவிடுவதால், நாம் உண்டு கழிக்கும் உப்பில் புரோமைடு மிகக் குறைவு. ஆகவே கழிவுநீர் கலந்த கிணற்றில் இந்த விகிதம் பெரும்பாலும் கடல்நீரின் விகிதத்தைவிடக் கூடுதலாக இருக்கும். அதோடு நைட்ரேட்டும் பொட்டாசியமும் மிகுந்திருந்தால் ஐயம் வலுப்படும்.

சென்னைக்கு இந்த வேறுபாடு மிகவும் வேண்டியது. வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில், நகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் வயல்களுக்குமாக அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் புகுந்தது 1960களின் பிற்பகுதியிலேயே கண்டறியப்பட்டு, பின்னர் அது பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்நாட்டுக்குள் நகர்ந்தது. கடல்நீர் என்றால் இறைப்பைக் குறைக்க வேண்டும், மழைநீரை உள்ளே செலுத்த வேண்டும். கழிவுநீர் என்றால் குழாயைச் சரிசெய்ய வேண்டும். நாக்குக்கு இரண்டும் ஒரே உப்புதான். செய்ய வேண்டிய வேலைகளோ முற்றிலும் வேறானவை.

குரோமியத்தை எடுத்துக்கொண்டால் சேர்க்கையின் பயன் இன்னும் நன்றாக விளங்கும். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் முறையில் தோல் பதனிட்ட ஒரு தொழிற்சாலையால் வந்தது. பல்லாவரம், நாகல்கேணிப் பகுதிகளில் தோல் தொழில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஆனால் கிணற்றில் குரோமியம் தென்பட்டதும் தோல் கழிவு என்று முடிவு கட்டிவிட முடியாது. உலோகங்களுக்கு முலாம் பூசும் பட்டறைகளிலிருந்தும் குரோமியம் வரும். தோல் ஆலைக்கு வரும் பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வருவதால், அதன் கழிவில் சோடியமும் குளோரைடும் மிக அதிகமாகவும், பதனிடப் பயன்படும் குரோமிய உப்பிலிருந்து வரும் சல்ஃபேட்டும் சேர்ந்தும் இருக்கும். முலாம் பூசும் பட்டறையின் கழிவில் அந்த அளவு உப்பு இருக்காது; நிக்கலும் துத்தநாகமும் செம்பும் குரோமியத்தோடு கைகோத்து வரும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: குரோமியம் இரண்டு வடிவங்களில் வருகிறது. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். அது மண்ணில் ஒட்டிக்கொண்டு எளிதில் நகராது. முலாம் பூசுவதில் பயன்படும் அறுவிணைதிறக் குரோமியம் நீரில் எளிதாகக் கரைந்து நெடுந்தூரம் போகும். நச்சுத்தன்மையும் அதற்கே மிகுதி. டைஃபினைல்கார்பசைடு என்னும் கரைசலைச் சேர்த்தால், அறுவிணைதிறக் குரோமியம் உள்ள நீர் நாவற்பழச் சாற்றை நீர்க்கச் செய்ததுபோல் ஊதாச் சிவப்பாக மாறும். எனினும் மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடு மூவிணைதிறக் குரோமியத்தை அறுவிணைதிறமாக மாற்றக்கூடும் என்பதால், நிறம் வந்தது என்பதற்காக மட்டும் ஒரு பட்டறையின் மேல் பழி போடக்கூடாது. ஒருவரின் தொழிலையும் பல குடும்பங்களின் பிழைப்பையும் தொடும் முடிவு இது. ஒற்றைத் தடயத்தை நம்பி அதை எடுப்பது தவறு என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

நைட்ரேட்டில் சிக்கல் வேறு விதமானது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது அதன் வரம்பு. அதைத் தாண்டினால் கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். திருவள்ளூர் மாவட்டத்து வயலோரக் கிணற்றில் நைட்ரேட் இருந்தால் அது யூரியாவிலிருந்து வந்ததா, கழிவறைக் குழியிலிருந்து வந்ததா? நைட்ரேட் என்ற அளவில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. ஆனால் நைட்ரஜன் அணுக்களில் எடை 14 உள்ளவையும் எடை 15 உள்ளவையும் உண்டு. செயற்கை உரம் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு செய்யப்படுவதால், அதில் கனமான அணுவின் பங்கு காற்றில் உள்ளதை ஒட்டியே இருக்கும். கழிவில் உள்ள நைட்ரஜனோ அம்மோனியாவாக ஆவியாகும்போது இலேசான அணுக்கள் முந்திப் பறந்துவிடுவதால், எஞ்சியதில் கனமான அணுவின் பங்கு கூடிவிடுகிறது; பெரும்பாலும் ஆயிரத்துக்கு 7 முதல் 20 வரை கூடுதலாக. ஒரே தனிமத்தின் இப்படி எடை வேறுபட்ட அணுக்களை ஐசோடோப்புகள் என்பார்கள். இந்த அளவை ஐசோடோப்புக் கருவியில் பார்த்து இரண்டையும் பிரிக்கலாம். நைட்ரேட்டை உண்ணும் நுண்ணுயிர்களும் இதே மாற்றத்தை உண்டாக்குவதால், நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனின் ஐசோடோப்பையும் உடன் அளப்பது வழக்கம்.

காலமும் ஒரு தடயம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒரே கிணற்றில் நீர் எடுத்துப் பார்த்தால், மழைக்குப் பின் மாசு குறைந்தால், மூலம் மாறாமல் இருக்கிறது, மழைநீர் அதை நீர்க்கச் செய்திருக்கிறது எனலாம். மழைக்குப் பின் கூடினால், தரையிலோ மேல்மண்ணிலோ கிடப்பது கழுவி இறக்கப்படுகிறது என்று ஐயுறலாம். கொடுங்கையூர், பெருங்குடி போன்ற குப்பை வளாகங்களைச் சுற்றி உள்ள இடங்களில் இப்படி மாதவாரியாகப் பார்ப்பது ஒரே ஒரு முறை பார்ப்பதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

ஏரிக்கோ ஆற்றுக்கோ வரும் மாசைத் தேடும்போது செறிவை மட்டும் பார்த்தால் தவறிவிடுவோம். நொடிக்கு 5 லிட்டர் ஓடும் சிறு வாய்க்காலில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் அம்மோனியா இருக்கிறது. நொடிக்கு 200 லிட்டர் ஓடும் பெரிய வாய்க்காலில் 3 மில்லிகிராம்தான் இருக்கிறது. சிறு வாய்க்கால் கறுத்து நாறும், எல்லாரும் அதையே காட்டுவார்கள். பெருக்கிப் பார்த்தால், அது நொடிக்கு 200 மில்லிகிராமும் பெரியது 600 மில்லிகிராமும் ஏரியில் சேர்க்கின்றன. முதலில் கவனிக்க வேண்டியது பெரியதை.

மூக்கும் ஒரு கருவிதான். 2014 ஜனவரியில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், எல்க் ஆற்றங்கரையில் இருந்த தொட்டியிலிருந்து நிலக்கரி கழுவும் வேதிப்பொருள் கசிந்து, சில கிலோமீட்டர் கீழே இருந்த குடிநீர் நிலையத்துக்குள் புகுந்து, சுமார் 3 லட்சம் பேரின் குடிநீர் நிறுத்தப்பட்டது. கசிவை முதலில் காட்டிக்கொடுத்தது அதிமதுரம் போன்ற வாசனை. அந்த வாசனையைப் பின்தொடர்ந்துதான் ஆய்வாளர்கள் தொட்டியை அடைந்தார்கள். நம் தண்டையார்பேட்டையிலும் 2013இல், நிலத்தடி நீரில் எண்ணெய் வாடை அடித்த பிறகே குழாய்க் கசிவு வெளிச்சத்துக்கு வந்தது. பெட்ரோல் நீரைவிட இலேசானது, ஆகவே நீர்மட்டத்தின் மேல் படலமாக மிதக்கும். உலர் சலவையிலும் உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவதிலும் பயன்படும் குளோரினேறிய கரைப்பான்கள் நீரைவிடக் கனமானவை, அவை அடியில் போய்த் தங்கும். நீரை எந்த ஆழத்தில் எடுத்தோம் என்பதைக் குறிக்காவிட்டால் இரண்டையுமே தவறவிட நேரும்.

இத்தனையும் நீர் எடுக்கும் ஒழுங்கைப் பொறுத்தவை. உலோகங்களைச் சோதிக்க எடுக்கும் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சில துளி விட வேண்டும், இல்லையேல் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் போன்று ஆவியாகும் பொருட்களுக்குக் கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். அம்மோனியா, நைட்ரேட் சோதனைக்கு உரிய பாட்டில்கள் ஐஸ் பெட்டியில் போக வேண்டும். காய்ச்சி வடித்த நீரை ஒரு பாட்டிலில் நிரப்பி, மற்ற பாட்டில்களோடு கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து அதையும் சோதிக்க வேண்டும். அதிலும் மாசு தென்பட்டால் அது நம் கையிலிருந்தோ பாட்டிலிலிருந்தோ வந்தது. எடுத்த இடம், நாள், நேரம், ஆழம், எடுத்தவர் பெயர் ஆகியவை பாட்டிலின் மேலேயே இருக்க வேண்டும். கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிறுவனத்திலோ வேறொரு ஆய்வகத்திலோ கொடுக்கும் முன், எந்தச் சோதனைக்கு எந்தப் பாட்டில் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

மூலம் மனிதச் செயலாக இல்லாமலும் போகலாம். தருமபுரிப் பகுதியில் நீரில் உள்ள ஃப்ளோரைடு பாறையிலிருந்து கரைந்து வருவது. வங்கதேசத்துக் கிணறுகளின் ஆர்சனிக் ஆற்று வண்டலிலிருந்து வருவது. அங்கே குற்றவாளியைத் தேடி அலைவதில் பயனில்லை, வேறு நீர் ஆதாரத்தைத்தான் தேட வேண்டும்.

மூலம் இதுதான் என்று முடிவு செய்த பிறகும் ஒரு சோதனை மிச்சமிருக்கிறது: அதை அடைத்துவிட்டு மீண்டும் நீர் எடுத்துப் பார்ப்பது. தெருக் குழாய் என்றால் விடை விரைவில் தெரியும், நிலத்தடி என்றால் பொறுமை வேண்டும். இராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் சுமார் 1.5 லட்சம் டன் குரோமியக் கழிவு குவிந்து கிடந்ததால், ஆலை நின்று பல ஆண்டுகள் ஆன பிறகும் சுற்றியுள்ள நிலத்தடி நீரில் குரோமியம் கசிந்துகொண்டிருந்தது. எங்கள் மடிப்பாக்கத்துச் சம்பில், விரிசலைக் கொத்தி அடைத்து, கழிவுநீர்த் தொட்டியைத் தள்ளிக் கட்டிய எட்டாம் நாள், குப்பியில் சொட்டு மருந்து விட்டதும், குளோரின் இருப்பதைக் காட்டி நீர் மஞ்சளாயிற்று. அன்றைய தேதியைப் பாட்டிலின் மேல் எழுதி, அதை முதல் ஐந்து பாட்டில்களின் முடிவுத் தாளோடு சேர்த்துச் சங்கத்து அலமாரியில் வைத்தோம்.